கூப்பிடாத பெயர்

ராஜாக்கள் தேரில் ஊர்வலம் போய், ஜனங்கள் ஓரமாய் நின்று தூசி தின்ற காலம் அது. அப்போது கடலோரத்தில் சங்குமுனை என்று ஒரு பட்டினம் இருந்தது. எந்தக் கடல், எந்தத் திக்கு என்று குறுக்கே கேட்காதீர்கள். மனுஷன் இருக்கிற இடத்தில் எல்லாம் அந்தப் பட்டினம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இது சிரித்துக்கொண்டு கேட்கிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சங்குமுனைக்கு மீன் உண்டு, முத்து உண்டு, உப்பு உண்டு. குறை என்று பார்த்தால் ஒன்றுதான். கடலிலிருந்து கரைக்கு வருகிற வழி குறுகல். இரண்டு பெரிய பாறைகள், நடுவே ஒரே ஒரு கட்டுமரம் நுழைகிற சந்து. அதற்குக் கல்வாசல் என்று பேர். வெயில் நாளில் ஒருவரை ஒருவர் பார்த்து, ஒதுங்கி, ஒவ்வொருவராக வந்துவிடலாம். மூடுபனி இறங்கிவிட்டால் போச்சு. தன் கையே தனக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்தால் மரமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பனி நாளில் கூப்பிடுகாரர் என்று ஒருவர் பாறை உச்சியில் ஏறி நிற்பார். கையில் பனையோலையில் முடைந்த பெரிய குழல் இருக்கும். அதை வாயில் வைத்து ஒரு பேரைக் கூப்பிடுவார். அந்தப் பேருக்கு உரியவன் "வந்தேன்!" என்று பதில் கொடுத்துவிட்டு, குரல் வந்த பக்கம் துடுப்புப் போட்டு வருவான். மற்றவர்கள் நங்கூரக்கல்லை இறக்கி, தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். கூப்பிடாமல் எவனும் நுழையக் கூடாது. நுழைந்தால் உள்ளே வந்துகொண்டிருப்பவனைக் கொன்றது போல.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பேருக்குப் பதில் வந்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பேரை மறுபடி கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், ஆள் கரையில் இருக்க, கடலே "வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்தார்கள். பயப்படட்டும். கடலோடு பிழைக்கிறவர்களுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா?

அந்த ஊரின் ஓரத்தில், உப்பளத்தைத் தாண்டி, சில குடிசைகள் இருந்தன. அங்கே இருந்தவர்களின் தாத்தாமார் என்றோ ஒரு புயலில் கப்பல் உடைந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைமுடி செம்பு நிறம். முகத்தில் பொட்டுப் பொட்டாய்ப் புள்ளி. மற்றபடி இரண்டு கண், ஒரு மூக்கு, உங்களையும் என்னையும் போலத்தான். பிறந்தது சங்குமுனை மண்ணில். பேசியது சங்குமுனைப் பேச்சு. ஆனால் ஊர் அவர்களுக்கு வைத்த பேர் செம்பட்டை. ஆணும் செம்பட்டை, பெண்ணும் செம்பட்டை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் செம்பட்டை. "ஏ செம்பட்டை, வலையை இழு." "ஏ செம்பட்டை, தள்ளி நில்லு." இப்படியே மூன்று தலைமுறை ஓடிவிட்டது.

அந்தக் குடிசை ஒன்றில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணன் பேர் அமூரி. தம்பி பேர் செலூவா. அவர்கள் தாத்தா கொண்டுவந்த பாஷையில் மிஞ்சியது அந்தப் பேர்கள் மட்டும்தான்.

செலூவா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்துத் தலை முழுக்கப் பூசிக்கொண்டான். முடி கறுத்துவிட்டால் தன்னையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. வியர்வையில் கரி வழிந்து கழுத்தில் இறங்கியது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். "செம்பட்டை வேஷம் போட்டிருக்குடோய்!" அழுதுகொண்டே ஓடி வந்தவனை அமூரி கடலில் நிறுத்தி, தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினான். கரி முழுக்கப் போனது. பிறகு கேட்டான்.

"உன் பேர் என்ன?"

"செம்பட்டை" என்றான் பிள்ளை, விக்கிக்கொண்டே.

அமூரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அது அவங்க வாயில இருக்கிற வார்த்தைடா. அது உன் பேர் இல்ல. உன் பேரைச் சொல்லு."

"செலூவா."

"இன்னொரு தடவ."

"செலூவா."

"இன்னும் ஒரு தடவ, கடலுக்குக் கேக்கிற மாதிரி."

"செலூவா!"

அன்றிலிருந்து தினமும் சாப்பிட உட்காரும்போது அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். வெளியே யாரும் சொல்லாத பேரை வீட்டிலாவது சொல்லி வைக்க வேண்டும் என்றான் அமூரி. சொல்லாமல் விட்டால் நமக்கே மறந்து போகும் என்றான்.

வருஷங்கள் போயின. அடுத்தவன் மரத்தில் கூலிக்குத் துடுப்புப் போட்டே இருவரும் வளர்ந்தார்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, காட்டில் மரம் வாங்கி, தங்கள் கையாலேயே இரண்டு கட்டுமரம் கட்டினார்கள். செம்பட்டைக் குடியில் யாருக்கும் அதுவரை சொந்த மரம் கிடையாது. அவர்கள் குடிசைப் பெண்கள் அந்த மரங்களுக்கு மஞ்சள் தடவிக் குலவையிட்டதைக் கேட்டு, ஊரே என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தது.

சொந்த மரம் வைத்தவனுக்கு ஒரு சடங்கு உண்டு. தேங்காய் உடைத்து, கூப்பிடுகாரர் முன்னால் போய் நின்று, தன் பேரை அவர் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். அவர் அதைக் கடலைப் பார்த்து மூன்று தடவை கூப்பிடுவார். அதோடு பேர் அவர் காதில் ஏறிவிட்டது, கடலுக்கும் தெரிந்துவிட்டது என்று கணக்கு.

அப்போது கூப்பிடுகாரராக இருந்தவர் மாசிலாமணி. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அவர் கூப்பிட்டு உயிரோடு கரை சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஊரில் எல்லார் பேரும் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அவர் நடந்து போனால் பெரியவர்களே எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட மனுஷர்தான் அன்றைக்கு, அமூரி பக்கத்தில் வந்து குனிந்ததும், காதைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"தள்ளி நின்னே சொல்லு."

அமூரி தள்ளி நின்றே சொன்னான். "அமூரி, ஐயா."

"என்னது?"

"அமூரி."

"இதெல்லாம் என் நாக்குல புரளாதுப்பா. செம்பட்டைன்னு கூப்பிடறேன், வந்து சேரு."

கூட்டம் சிரித்தது. அமூரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "ஐயா, நாங்க ரெண்டு பேர் கடலுக்குப் போறோம். செம்பட்டைன்னு கூப்பிட்டா யார் வர்றது?" என்று பணிவாகக் கேட்டான்.

மாசிலாமணி கையை வீசினார். "யார் வந்தா என்ன? எல்லாம் ஒரே சாயல்தானே!"

மறுபடியும் சிரிப்பு. பின்னால் நின்ற செலூவா, உடைத்த தேங்காயை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தான். அமூரி மூன்றாம் முறையும் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினான். கேட்க வேண்டிய காது கேட்கவில்லை. சொல்ல வேண்டிய வாய் சொல்லிவிட்டது.

"ஏண்ணே இப்படிக் கெஞ்சுறே?" என்று வழியில் சண்டைக்கு நின்றான் தம்பி.

"கெஞ்சலடா. நாளைக்கு எங்கிட்ட நீ சொல்லலன்னு அவர் சொல்லிடக் கூடாது பாரு" என்றான் அண்ணன்.

அந்த வருஷம் மார்கழிப் பனி லேசாகத்தான் இருந்தது. தை பிறந்ததும் ஒருநாள் காலை, மரங்கள் எல்லாம் கடலில் இருக்கும்போது, பனி ஒரேயடியாக இறங்கிவிட்டது. அப்படி ஒரு பனியை ஊர்க் கிழவர்களும் பார்த்ததில்லை. அடியில் அலை வேறு மெல்ல மெல்ல எழும்ப ஆரம்பித்தது. மாசிலாமணி குழலை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினார். பெண்கள் எல்லாம் கரையில் கூடி, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு பேர் கூப்பிட்டார். "வந்தேன்!" மரம் வந்தது. இன்னொரு பேர். "வந்தேன்!" மரம் வந்தது. இப்படி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவர் கூப்பிட்டார்.

"செம்பட்டை...!"

செலூவா பனிக்குள் கல்லை இறக்கிக் காத்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும், அலையின் இரைச்சலில் வேறு யோசனை ஓடாமல், "வந்தேன்!" என்று கத்திவிட்டான். கத்திய பிறகுதான் அவனுக்குத் திக்கென்றது. அண்ணனும் இங்கேதானே எங்கேயோ இருக்கிறான்? அவனும் கேட்டிருப்பானே? அவனும் புறப்பட்டிருந்தால்?

துடுப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். பின்னால் பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போ, செலூவா. நான் கல்லைத் தூக்கல. நீ போ தம்பி."

அண்ணன் குரல்தான். செலூவாவுக்கு உயிர் வந்தது. அண்ணனுக்கு அடுத்த முறை வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கல்வாசலில் நுழைந்து கரை ஏறினான். பாவி, அதைத்தானே நினைப்பான்?

கரையில் நின்று காத்திருந்தான். ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். அண்ணன் பேர் வரவில்லை. செலூவா பாறையடிக்கு ஓடினான்.

"ஐயா, எங்கண்ணன் இன்னும் வெளியில இருக்கான். அவனைக் கூப்பிடுங்க."

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "செம்பட்டையைக் கூப்பிட்டாச்சே. செம்பட்டை வந்தாச்சே."

"வந்தது நான் ஐயா. அவன் வரல."

"பதில் வந்த பேரைத் திருப்பிக் கூப்பிட மாட்டேன். ஊரையே கடலுக்குக் கொடுக்கச் சொல்றியா?"

செலூவா திரும்பி வந்து நின்றான். அலை இன்னும் ஏறியிருந்தது. அவனால் நிற்க முடியவில்லை. மறுபடியும் ஓடினான்.

"ஐயா, அந்தப் பேர் வேண்டாம். அவனுக்குச் சொந்தப் பேர் இருக்கு. அதை இன்னைக்கு நீங்க கூப்பிடவே இல்ல. அமூரின்னு கூப்பிடுங்க. அவன் வந்துடுவான்."

"என் காதில ஏறாத பேரை நான் எப்படிக் கூப்பிடறது? வழக்கத்தை நான் மாத்த முடியுமா? போ, வேலையைக் கெடுக்காதே."

காதில் ஏறாத பேராம்! ஏற விட்டது யார், ஏறவிடாமல் பொத்தியது யார்? அதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. செலூவா தானே பாறையில் ஏறப் போனான். செம்பட்டைக் காலால் அந்தப் பாறையைத் தொடக் கூடாது என்று நாலு பேர் இழுத்துக் கீழே தள்ளினார்கள். மரத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகப் பார்த்தான். வருகிற மரத்தில் மோதிவிடுவாய் என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். மணலில் நின்று "அமூரீ! அமூரீ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வெறும் தொண்டைக் குரலை அலை விழுங்கிவிட்டது. கீழே மணலிலிருந்து, குழல் இல்லாமல் எந்தக் குரலும் கல்வாசலைத் தாண்டாது.

கடைசியாக வந்தவர் மணவாளன் என்கிற பெரியவர். மரத்திலிருந்து இறங்கியதும் அவர் நேராகப் பாறையடிக்குத்தான் வந்தார்.

"மாசிலாமணி, அந்தச் செம்பட்டைப் பையன் வெளியில நிக்கிறான்யா. என் பக்கத்துலதான் இருந்தான். அவன் மரத்துக் கட்டு ஒண்ணு அறுந்துபோச்சு, தண்ணியில பாதி மூழ்கி உக்காந்திருக்கான். என் மரம் சின்னது, ரெண்டு ஆளைத் தாங்காது. எனக்கு முன்னால நீ போடான்னேன். 'இல்லீங்க, கூப்பிட்டது உங்க பேரை. நான் நுழைஞ்சா உள்ள யாராவது இருந்து செத்துடுவாங்க. என்னைக் கூப்பிடுவாங்க, நான் இருக்கேன்'னு சொல்லிட்டான்."

செலூவா மூன்றாம் முறையாகப் பாறையடியில் வந்து நின்றான். இந்த முறை அவன் கெஞ்சவில்லை. மணலில் மண்டியிட்டு, அண்ணன் பேரை மட்டும் சொன்னான்.

"அமூரி."

மாசிலாமணி குழலை வாயில் வைத்தார்.

"அமூரீ...!"

அந்தப் பேர் அவர் நாக்கில் புரண்டதா என்று கேட்கிறீர்களா? அழகாகப் புரண்டது. கூப்பிடுவதற்கென்றே வைத்த பேர் போல, கடைசி எழுத்து நீண்டு பனிக்குள் வெகுதூரம் போயிற்று. ஊரில் வேறு எந்தப் பேரும் அவ்வளவு தூரம் போனதில்லை. நாக்குக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

பதில் வரவில்லை.

"அமூரீ...!" என்று இரண்டாம் தடவை கூப்பிட்டார். அலைதான் இரைந்தது.

"அமூரீ...! வந்துடுடா! வழி காலியா இருக்கு, வந்துடுடா அமூரீ!"

மூன்றாம் தடவைக்கும் பதில் இல்லை. அலை உயர்ந்துவிட்டதால், தேடிப் போக ஒரு மரத்தையும் இறக்க முடியவில்லை. மாசிலாமணி குழலைக் கீழே வைக்கவில்லை. பொழுது சாய்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராத பேரை எத்தனை தடவையும் கூப்பிடலாம், அதற்கு விதியில் தடை இல்லை.

மறுநாள் பனி விலகியது. கல்வாசலுக்கு வெளியே, கட்டு அறுந்த மரம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நங்கூரக்கல் இறக்கினபடியே இருந்தது. தூக்கவில்லை. அமூரியைக் கொஞ்சம் தள்ளி உப்பளத்துப் பக்கம் கடல் கொண்டுவந்து போட்டிருந்தது. அவன் தாத்தா ஒதுங்கிய இடத்திலேயே அவனும் ஒதுங்கியிருந்தான். செலூவா அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, செம்பு நிறத் தலையிலிருந்து மணலைத் தட்டித் தட்டி விட்டான். என்றைக்கோ தன் தலைக் கரியைத் தேய்த்துவிட்ட அண்ணன் கை பக்கத்தில் ஜில்லென்று கிடந்தது.

ஊர் அழுதது. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே அழுதது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்லி அழுதார்கள் தெரியுமா? "ஐயோ, எங்க செம்பட்டையே! தங்கமான செம்பட்டையே!" என்று அழுதார்கள். அவர்களுக்கு வேறு பேர் தெரியாதே. அவன் நினைவாகக் கரையில் ஒரு கல் நட்டு, அதற்குச் செம்பட்டைக் கல் என்று பேர் வைத்தார்கள். மாலை போட்டார்கள். நல்லது செய்தோம் என்று நிம்மதியாக வீட்டுக்கும் போனார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்!

செலூவா அந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சோறு வைத்தால், எதிரே உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இலையை அப்படியே மூடிவிட்டான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு பகலில் அவன் குடிசை வாசலில் நிழல் விழுந்தது. மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். அதற்குள் கிழடு தட்டிப் போயிருந்தார். செம்பட்டைக் குடியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த மண்ணில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்.

"உன் பேரைச் சொல்லு தம்பி. என் காதில சொல்லு."

வெளியே போ என்று சொல்ல செலூவாவுக்கு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பனிக்குத் தங்கள் குடியிலிருந்து இன்னொருவன் மரம் எடுத்துப் போவான், அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அதில் காத்திருக்க ஆள் இருக்கும் என்று அவன் நினைத்தான். அண்ணன் இருந்தால் என்ன செய்வான் என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவன் குனிந்து, அவர் காதில் தன் பேரைச் சொன்னான். மாசிலாமணி திருப்பிச் சொன்னார். பிறகு பக்கத்துக் குடிசைக்காரர் பேரைச் சொன்னான். அதையும் திருப்பிச் சொன்னார். தண்ணீர் தூக்கி வந்த பெண்ணின் பேர், தொட்டில் பிள்ளையின் பேர், படுத்த படுக்கையாகிவிட்ட கிழவியின் பேர், ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒரு பேருக்கும் நாக்கு இடறவில்லை. சுற்றிலும் வந்து நின்ற ஜனங்கள், வெளியாள் வாயில் தங்கள் பேரை முதல் தடவையாகக் கேட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியாகச் செலூவா ஒரு பேரைச் சொன்னான்.

"அமூரி."

மாசிலாமணி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். மூன்றாம் தடவை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளை போலத் தேம்பித் தேம்பி அழுதார். என் நாக்கில் புரளாது என்று அன்றைக்கு அவர் சொன்னது பொய். இன்றைக்கு நிஜமாகவே புரளவில்லை.

செலூவா அவரை எழுப்பவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவர் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

இவ்வளவுதான் கதை. நீங்கள் எழுந்து போகும் முன் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தெருவில் பேர் தெரியாமல், ஒரு பட்டப்பேர் வைத்தே கூப்பிடுகிற மனுஷர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவர் பேரைக் கேட்டுவிடுங்கள், பனி எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மனிதனின் நிறத்துக்கும் கூட்டத்துக்கும் பேர் வைத்து, அவனுடைய சொந்தப் பேரைக் கேட்காமல் விடுகிற ஊர், அவனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கூப்பிட வழி தெரியாமல் அவனைக் கொன்றுவிடும்.